இடது கைக்கு ஒரு கைக்குட்டை

பக்கவாதத்தில் வலது கை செயலிழந்து எட்டு மாதங்களுக்குப் பிறகு தனபாலன் மறுபடியும் ஓட்டல் வரவேற்பு வேலைக்குப் போகவிருந்தார். பகலில் நீலக் கோட்டு, மாலை விருந்துகளுக்குக் கறுப்புக் கோட்டு. இரண்டின் மேல்பைக்கும் பொருந்துகிற, இடது கையை மட்டும் கொண்டே செருகக்கூடிய ஒரு கைக்குட்டை வேண்டும் என்று தையல்கடைக்காரி கல்பகத்திடம் கேட்டார்.

கூட வந்திருந்த மனைவி விசாலாட்சி, "எதுக்குங்க? நான்தான் தினம் மடிச்சு வெச்சு விடுறேனே," என்றாள்.

"சாயங்காலம் கோட்டு மாத்தணும்ல. அங்க யாரைக் கூப்பிடுறது?"

அவர்கள் போனதும் கல்பகம் தன் வலது கையைத் துப்பட்டாவால் இடுப்போடு கட்டிக்கொண்டு முயன்று பார்த்தாள். பட்டு வழுக்கியது. பருத்தி பைக்குள் சுருண்டு விழுந்தது. ஐந்தாவது துணியில் மடிப்புகளை நிலையாகத் தைத்து, அடியில் தடித்த துணிப்பட்டை ஒன்றை வைத்தாள். ஒரு பக்கம் மாதுளை நிறம், மறுபக்கம் சாம்பல்.

சனிக்கிழமை தனபாலன் கடையின் நிலைக்கண்ணாடி முன் நின்று அதைச் செருகினார். கோணலாக நின்றது. விசாலாட்சியின் கை தானாக நீண்டது.

"இரு," என்றார்.

வெளியே எடுத்து, திருப்பி, உள்ளே விட்டு ஒரு விரலால் அழுத்தினார். சாம்பல் முனைகள் நேராக எழுந்து நின்றன. மறுபடி எடுத்தார், மறுபடி செருகினார்.

"நல்லாருக்குங்க," என்றாள் விசாலாட்சி. நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் தோளில் இல்லாத தூசியைத் தட்டினாள்.

தனபாலன் கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

"இந்தத் தோள்லயும் இருக்கு பாரு," என்றார்.