நாளைய குடை

குடைக் கம்பெனியின் விற்பனைக் கணக்கைத் தேன்மொழி திரையில், விற்பவர் ஒவ்வொருவருக்கும் ஒன்றாக, கோடுகளாக்கியிருந்தாள். ஒவ்வொரு நாளும் விற்ற குடைகள் முந்தைய நாட்களின் மொத்தத்தோடு சேர்ந்துகொண்டே வரும். அதனால் கோடு ஏறுமே தவிர இறங்காது. இன்றைய தேதியோடு நிறுத்தக் கணினிக்குச் சொல்லத்தான் மறந்துவிட்டாள். இன்னும் வராத நாட்களுக்குள்ளும் நுழைந்து, டிசம்பர் முடியும்வரை கோடுகள் மட்டமாக நீண்டு கிடந்தன.

மேலாளர் ரகோத்தமன் குனிந்து பார்த்தார். "என்னம்மா இது, சூசைமாணிக்கம் போய்ச் சேர்ந்து மூணு மாசமாச்சு. அவர் கோடும் டிசம்பர் வரைக்கும் ஓடுது? வெட்டி விடும்மா."

வெட்ட ஒரே ஒரு வரிக் கட்டளை போதும். அதை எழுதிவிட்டு, சூசைமாணிக்கத்தின் கோட்டைக் கடைசியாக ஒருமுறை விரலால் தடவிக்கொண்டே போனாள். தெருத்தெருவாக விற்ற மனிதர். எந்தக் குடையையும் மடக்கியபடி தந்ததில்லை. விரித்து, வாங்குகிறவர் தலைக்கு மேலே ஒரு கணம் பிடித்துவிட்டுத்தான் கொடுப்பார். ஏப்ரல் பத்தாம் தேதி, 4,312இல் கோடு ஏறுவதை நிறுத்தியிருந்தது. அப்புறம் காற்றில்லாத ஏரி.

நாளைய தேதியில் விரல் நின்றது. அங்கே கோடு ஒரு படி ஏறியிருந்தது. 4,313.

எழுதிய வரியைத் தேன்மொழி அழித்தாள்.

மறுநாள் காலை வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அம்மா வாசல்வரை ஓடிவந்து குடையை நீட்டினாள்.

"வேணாம்மா, இன்னிக்கு ஒண்ணு வாங்கணும்" என்று சொல்லிவிட்டு, அவள் வெறுங்கையோடு தெருவில் இறங்கினாள்.