மழைக்காலத்து அரைக்கீரை

“என்ற கீரையில சத்து இல்லைன்னு எழுதுன கை எதுங்க? அதை நான் பார்த்தே ஆகோணும்!”

மாதப்பன் போட்ட சத்தத்துக்குச் சாமுண்டி மலை நந்தியே காதை மடக்கியிருக்கும். மைசூரு ஆய்வுக்கூடத்தில் வெள்ளைக் கோட்டு போட்ட நாற்பது பேர், சரி, நாலு பேர், கண்ணாடிக் குழாயும் கையுமாக எட்டிப் பார்த்தார்கள்.

“நான்தான் எழுதினேன் ஐயா. ஸ்வல்ப உட்காருங்க,” என்றாள் ஆய்வாளர் ஸ்வாதி.

“உக்கார்றதுக்கா ஹனூர்ல இருந்து ரெண்டு பஸ்ஸு மாறி வந்தேன்?”

பின்னால் நின்ற மனைவி தேவம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

விஷயம் இதுதான். எந்தப் பருவத்துக் கீரையில் எவ்வளவு சத்து என்று பார்க்க, ஹனூர்ப் பக்கம் பத்துத் தோட்டங்களில் வெயிலுக்கு, மழைக்கு, பனிக்கு என்று மூன்று தடவை அரைக்கீரை வாங்கிச் சோதித்திருந்தார்கள். வருஷம் முழுக்கச் சத்துக் குறையாத தோட்டத்துக்குத்தான் கல்லூரி ஹாஸ்டல் ஆர்டர். அதை நம்பி மாதப்பன் புதிதாக அரை ஏக்கர் உழுது வைத்திருந்தார்.

“வைட்டமின் சி வெயில்ல நாப்பத்தொண்ணு, பனியில நாப்பத்தாறு. ஹாஸ்டல்ல அறுபதாவது கேக்கறாங்க ஐயா.”

“மழைக்கு?”

“தொண்ணூத்திரெண்டு.”

“பார்த்தீங்களா!” மேஜையில் விழுந்த அடியில் பேனாக்கள் துள்ளின. “அதுதான் என்ற கீரை! அதே மண்ணு, அதே சாணி, அதே கிணத்துத் தண்ணி. மழையில தொண்ணூறு காட்டுனது வெயில்ல எப்படிங்க நாப்பதாகும்? உங்க மெஷினுக்கு வெயில் ஒத்துக்கலைன்னா அதுக்கு மோர் ஊத்துங்க. என்ற கீரையை ஏன் குத்தம் சொல்றீங்க?”

“எங்களுக்கும் அதுதான் புரியல. மழை நாள்ல மேகம் மூடி வெளிச்சம் குறையும், வைட்டமின் சி இறங்கும். மத்த ஒன்பது தோட்டத்துலயும் இறங்கியிருக்கு. உங்களுது மட்டும் விர்ருனு ஏறியிருக்கு. ரெண்டு மாசமா மண்டையை உடைச்சு இதைப்பத்தி ஒரு கட்டுரையே எழுதிட்டேன். நாளைக்கு டெல்லிக்கு அனுப்பணும்.”

“அனுப்புங்க! என்ற பேரைக் கொட்டை எழுத்துல போட்டு அனுப்புங்க! அந்தத் தொண்ணூத்திரெண்டையே ஹாஸ்டலுக்கும் எழுதிக் குடுங்க. இல்லாட்டி இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்!”

ஸ்வாதி பேனாவை எடுத்தாள். “சரி, மறுபடி சோதிக்கணும்னு ஹாஸ்டலுக்குச் சொல்றேன். ஒரே ஒரு விவரம் மட்டும் வேணும்.” தேவம்மா பக்கம் திரும்பினாள். “அம்மா, மூணு தடவையும் கீரைக்கட்டைக் கொண்டுவந்தது நீங்கதானே?”

“ஆமாங்க அம்மணி. பொம்பளைகளுக்கு பஸ்ஸு சும்மாதானே, அதனால என்னையத்தான் அனுப்புவாரு.”

“மழைக்காலத்துக் கட்டை எத்தனை மணிக்குப் பறிச்சீங்க? கட்டுரையில எழுதணும்.”

“சொல்லு புள்ள, பயப்படாத!” மாதப்பன் மீசையைத் தடவிக்கொண்டார். “நம்ம மண்ணு டெல்லிக்குப் போகுதாக்கும்!”

தேவம்மா தரையைப் பார்த்தாள்.

“நம்ம கட்டு அன்னிக்கு பஸ்ஸு நெரிசல்ல மிதிபட்டுக் கூழாப் போச்சுங்க அம்மணி. உங்ககிட்டக் குடுத்ததை எப்பப் பறிச்சாங்கன்னு, மைசூரு பஸ் ஸ்டாண்டு வாசல்ல எனக்கு வித்த அந்தக் கூடைக்காரம்மாவைத்தான் கேக்கோணும்.”