யெப்பெயைக் காப்பாற்றியவள்

விடுதி முற்றத்து விளக்குக் கம்பத்தில் யெப்பெயைக் கட்டி வைத்திருந்தார்கள். பெட்டி ஒட்டுகிற பழுப்பு டேப்பால், தோளிலிருந்து முழங்கால் வரை.

சுற்றிலும் அவன் மாடியிலேயே தங்கியிருப்பவர்கள் ஏழெட்டுப் பேர். ஒருத்தி ஹோஸ்பைப்பால் அவன்மேல் தண்ணீர் அடித்தாள். மற்றவர்கள் பொட்டலம் பொட்டலமாக எதையோ பிரித்து அவன் தலையில் கொட்டினார்கள்.

"டேய் யெப்பெ, வாயை மூடிக்கோடா! உள்ளே போச்சுன்னா நாளைக்கு வரைக்கும் தும்முவே!"

ஒரே சிரிப்பு.

நூலகத்திலிருந்து வந்துகொண்டிருந்த தமார் அப்படியே நின்றுவிட்டாள். ஜார்ஜியா நாட்டிலிருந்து டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரத்துக்கு ஒரு பருவம் படிக்க வந்தவள். படிப்பு, ஸ்காண்டிநேவிய சமூகமும் பண்பாடும். தங்கியிருப்பதும் அதே மாடியில்தான்.

யெப்பெயை அவளுக்குத் தெரியும். தெரியும் என்றால், பார்த்திருக்கிறாள். எல்லோரும் சாப்பிட்டுப் போனபிறகு சமையலறைக்கு வந்து, தனியாகச் சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போகிறவன்.

"என்ன பண்றீங்க நீங்கல்லாம்?"

ஹோஸ்பைப் வைத்திருந்த சிக்னெ திரும்பினாள். "தமார்! சரியான நேரத்துல வந்தே. உனக்கும் ஒரு பொட்டலம் வெச்சிருக்கோம். லவங்கப்பட்டைப் பொடி."

"எதுக்கு?"

"அய்யாவுக்கு இன்னிக்கு இருபத்தஞ்சு வயசு. இன்னும் கல்யாணம் ஆகலை. அதுக்கு எங்க ஊர்ல இதுதான் மரியாதை. முப்பது வரைக்கும் இப்படியே இருந்தான்னா அடுத்தது மிளகு!"

மறுபடியும் சிரிப்பு.

"இதெல்லாம் எங்க புஸ்தகத்துல இல்லை," என்றாள் தமார்.

"புஸ்தகத்தை மூடிட்டு இங்கே பாரு. இதுதான் செய்முறைத் தேர்வு!"

தமார் சிரிக்கவில்லை. அவள் யெப்பெயின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் பொடி விழாமலிருக்க நீச்சல் கண்ணாடி மாட்டியிருந்தார்கள். அதற்குள்ளே கண்ணீர் தேங்கி நின்றது.

"அவன் அழறான். தெரியலையா உங்களுக்கு?"

சத்தம் குறைந்தது.

"இது விளையாட்டுப்பா..." என்று ஒருவன் இழுத்தான்.

"என் தம்பியையும் ஹாஸ்டல்ல விளையாட்டாத்தான் கட்டி வெச்சாங்க. சுத்தி நின்னு இப்படித்தான் சிரிச்சாங்களாம். அதோட படிப்பை விட்டுட்டு வீட்டுக்கு வந்தவன், இன்னும் வாசலைத் தாண்டலை."

சிக்னெ தண்ணீரை நிறுத்தினாள். கம்பத்தருகே போனாள்.

"யெப்பெ, நிஜமா உனக்குப் பிடிக்கலையா? நிறுத்திடலாமா? வாயைத் திறந்து சொல்லு."

யெப்பெ எல்லோரையும் ஒருமுறை பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"உங்க இஷ்டம்... எனக்காக யாரும் சிரமப்பட வேண்டாம்."

"பார்த்தீங்களா? பயத்துல நிஜத்தைச் சொல்ல மாட்டேங்கறான்!" என்றாள் தமார்.

தமார் மாடிக்கு ஓடி, சமையலறைக் கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். டேப்பை வெட்டினாள். யாரும் தடுக்கவில்லை. பிரிக்காத பொட்டலங்களைக் கையில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். யெப்பெயின் கையைப் பிடித்து அவர்கள் நடுவே கூட்டிக்கொண்டு போனபோது, தம்பிக்குச் செய்ய முடியாமல் போனதைச் செய்துவிட்டதுபோல அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

சமையலறையில் துண்டு கொடுத்தாள். டீ போட்டுக் கொடுத்தாள். யெப்பெ குடிக்காமல் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். தலைமுடியிலிருந்து பழுப்பு நீர் மேசைமேல் சொட்டியது.

"பயப்படாதே யெப்பெ. நாளைக்கே அலுவலகத்துல புகார் கொடுக்கலாம். நான் கூட வரேன்."

"புகாரா? யார் மேல?"

"அவங்க மேலதான். உன்னை அழவெச்சாங்களே."

யெப்பெ துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தான். பிறகு மெதுவாகப் பேசினான். அவன் குரலை அவள் முழுசாகக் கேட்பது அன்றுதான்.

"ரெண்டு வருஷமா இந்த மாடியில இருக்கேன். போன வருஷம் எதிர் ரூம் மால்த்தெவுக்குப் பண்ணினாங்க. நான் ஜன்னல் வழியாப் பார்த்துட்டிருந்தேன். இதைத் தெரியாதவங்க யாரும் வந்து பண்ண மாட்டாங்க தமார். சிநேகிதங்கதான் பண்ணுவாங்க."

தமார் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எனக்கு யார் வரப்போறாங்கன்னுதான் நினைச்சேன். ஆனாலும் காலையில இருந்து ஒரு பழைய ஸ்வெட்டரைப் போட்டுட்டு உட்கார்ந்திருந்தேன். ஒருவேளை வந்துட்டா நல்ல சட்டை வீணாகிடுமேன்னு." அவன் சிரிக்கப் பார்த்தான். "வந்தாங்க. ஆளுக்கொரு பொட்டலம் வாங்கிட்டு வந்தாங்க. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகையை அடக்க முடியலை."

"அப்போ... சிக்னெ கேட்டப்போ ஏன் சொல்லலை?"

"எப்படிச் சொல்றது? 'என்னைக் கொண்டாடுங்க'ன்னு நானே சொல்லவா? எங்க ஊர்ல யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க."

தமாருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஜன்னலுக்குக் கீழே, முற்றத்தை யாரோ பெருக்கும் சத்தம் கேட்டது. சட்டென்று எழுந்தாள்.

"தப்பு என்னோடது. நான் போய் எல்லாரையும் கூப்பிடறேன். மறுபடியும் கட்டச் சொல்றேன். கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வரேன்!"

"வேண்டாம் தமார்," என்றான் யெப்பெ, அவளை நோகடிக்காத குரலில். "கேட்டு வாங்கினா, அது வெறும் பட்டைப்பொடிதான்."