தானே அணையும் ஊசி

எங்கள் பனியன் கம்பெனியில் காலையில் சோர்வு நீக்கும் ஊசி போடுவார்கள். அதிலுள்ள புரதம் எட்டு மணி நேரத்தில் தானே அணைந்துவிடும். இந்த மாதம் வந்த புது ஊசி அணையாது. சூப்பர்வைசர் அதை அணைக்கும் மாற்று ஊசி போட்டால்தான் தூக்கம் வரும்.

போன வாரம் அவர் மாற்று ஊசிகளைப் பூட்டிவிட்டு, கோயில் நோம்பிக்கு ஊருக்குப் போய்விட்டார். எங்கள் யாருக்கும் மூன்று நாள் தூக்கமில்லை; என் பக்கத்து மிஷினில் தைக்கும் வசந்தாமணி அக்கா சரிந்து விழுந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அவள் விரல்கள் போர்வையைத் தைப்பதுபோல் தள்ளிக்கொண்டே இருந்தன.

நேற்று காலை அவள் தங்கை சுகந்தி ஊசிக்குக் கையை நீட்டவில்லை.

"ஊசி இல்லாம சாயங்காலம் வரைக்கும் தாங்குவியா?" என்றார் சூப்பர்வைசர்.

"தூக்கம் வந்தா தூங்கிக்குவேனுங்க. அதுக்கு உங்ககிட்ட சாவி கேக்க மாட்டேன்."

மூன்று மணிக்கு அவள் பெரிதாகக் கொட்டாவி விட்டாள்.

இன்று காலை நானும் கையை நீட்டவில்லை.