மொட்டைப் பாட்டு

ஜக்சீர் சிங்கின் சட்டைப்பையில் பேனா இருந்தது. ஊர்த் தலைவர் சர்பஞ்ச் பக்தாவர் சிங்குக்கு அந்த ஒரு சாட்சி போதும்.

"போன தேர்தல்ல என்கிட்ட தோத்தவன் நீ. இந்தப் பாட்டை நீதானே எழுதினே?"

"எனக்குக் கையெழுத்துப் போடவே அரை மணி நேரம் ஆகும், சர்பஞ்ச் சாகிப். பேனா சும்மா அழகுக்கு," என்றார் ஜக்சீர். சர்பஞ்ச் வீட்டு முற்றத்தில் கூடியிருந்த பீலிவாலா கிராமமே சிரித்தது.

பாட்டு வெளிவந்து ஐந்தே நாள். அதற்குள் கனடாவில் லாரி ஓட்டும் பிள்ளைகள் முதல் பீலிவாலா எருமைகள் வரை அதற்குத் தலையாட்டாத உயிர் கிடையாது. பந்தயத்தில் ஜெயித்துக் காட்டுகிறேன் என்று மீசையை முறுக்கிவிட்டு, புது டிராக்டரோடு குளத்துக்குள் பாய்ந்த ஒரு பெரிய மனிதரைப் பற்றிய பாட்டு அது.

ஆளின் பெயர் அதில் இல்லை. சர்பஞ்சின் மீசை போதாதா? இந்த முனையில் காக்கையும் அந்த முனையில் குருவியும் உட்கார்ந்தால் ஒன்றுக்கு ஒன்று தெரியாது, அவ்வளவு நீளம்.

பாடிய நிர்வைர் முற்றத்தின் நடுவில் நின்றிருந்தான். அவனுடைய தும்பி, அந்த ஒற்றைத் தந்தி வாத்தியம், சர்பஞ்சின் மடியில் சிறைப்பட்டுக் கிடந்தது. மதியம் ஊர்த் திருவிழாவில் அவனுக்கு முதல் பெரிய மேடை.

"எந்தப் பாட்டை எடுத்தாலும் கடைசி அடியில எழுதினவன் பேரு வரும். அதுதானே நம்ம வழக்கம்? இது மட்டும் ஏன்டா மொட்டையா முடியுது?"

"பேர் போட வேண்டாம்னு எழுதினவங்க சொல்லிட்டாங்க. போன்ல எல்லாரும் கேக்கறது மூணு சரணம். நாலாவதை இன்னிக்கு மேடையிலதான் முதல் தடவையா பாடப்போறேன்."

"அதுலதான் பேரை ஒளிச்சு வச்சிருப்பே. பாடு, இங்கேயே பாடு!"

நிர்வைர் தொண்டையைச் செருமினான். "குளத்துல கிடந்த டிராக்டரைக் கரையேத்தினது எருமை..." சர்பஞ்சின் மீசை துடித்த துடிப்பைப் பார்த்ததும் அடுத்த அடி மறந்துபோயிற்று.

அடுப்படியில் மத்துச் சத்தம் ஒரு கணம் நின்றது.

"மாலை மட்டும் வாங்கிக்கிட்ட மீசைக்கு எத்தனை பெருமை!" என்று உள்ளேயிருந்து எடுத்துக் கொடுத்தாள் சர்பஞ்சின் மனைவி ஜஸ்மேல் கௌர். மத்து மறுபடி சுழலத் தொடங்கியது.

"பாத்தீங்களா? இந்தச் சனியன் என் வீட்டு லஸ்ஸிக்குள்ளயே வந்து கலந்துடுச்சு!" சர்பஞ்ச் கயிற்றுக் கட்டிலிலிருந்து துள்ளி எழுந்தார். அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து ஊர்க் கோழிகள் முட்டையிட மறந்திருக்கும்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. எழுதினவன் எவனா இருந்தாலும் சரி, இன்னியிலேர்ந்து ஊர் விலக்கு. அவன் கையால இங்கே ஒருத்தரும் ஒரு வாய்த் தண்ணி வாங்கிக் குடிக்கக் கூடாது. நானும்தான்! என் மீசை மேல ஆணை!"

பிறகு தும்பியைத் தூக்கிப் பிடித்தார். "டேய், பேரைச் சொன்னா இது உனக்கு. சொல்லலேன்னா அடுப்புக்கு."

"உடைங்க சாகிப்," என்றான் நிர்வைர். "இது போனா கையைத் தட்டிப் பாடுவேன். கையைக் கட்டினா காலைத் தட்டிப் பாடுவேன். பேரை மட்டும் என் வாயிலேர்ந்து வாங்க முடியாது."

கொட்டிலில் எருமைகூட அசைபோடுவதை நிறுத்திவிட்டது.

கத்திய கத்தலில் சர்பஞ்சுக்குத் தொண்டை வறண்டிருந்தது. ஜஸ்மேல் கௌர் நுரை தளும்பும் பெரிய டம்ளரோடு வந்தாள். அவர் ஒரு கையில் தும்பியை ஓங்கியபடியே மறு கையால் அதை வாங்கி உதட்டருகே கொண்டுபோனார்.

அவள் டம்ளரைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஏன்? ஈ விழுந்திருச்சா?"

அவர் ஓங்கிய கையிலிருந்து தும்பியையும் உருவி, நிர்வைரிடம் நீட்டினாள்.

"மேடையில மொட்டையா முடிக்காதே, தம்பி. கடைசி அடியில ஜஸ்மேல் கௌர்னு சேர்த்துப் பாடு."