அல்முட் வார்த்த படலம்

கிராட்ஸ் ஆய்வுக்கூடத்தில் வெண்டலின் சோதித்த கண்ணாடிக் குப்பிக்குள், இறந்துபோன மனைவி அல்முட் கடைசியாக வார்த்த சாயப் படலம் மட்டுமே இருந்தது. ஆக்சிஜன் குறையக் குறைய அது அதிகமாகச் சிவந்து ஒளிரும். மூடிய வெறும் குப்பியில் ஆக்சிஜன் குறையக் காரணமே இல்லை. ஆனாலும் உள்ளே யாரோ மூச்சுவிடுவதுபோல் குறைந்துகொண்டே வந்தது.

“என்னப்பா, உள்ள எலி வளக்குறியா?” என்றாள் பக்கத்து மேசை ரோஸ்விதா.

அளவுமானியில் ஆக்சிஜன் எண் பூஜ்ஜியத்தை நெருங்கியதும் அவன் மூடியைத் திறந்தான். சிவப்பு தணிந்தது. திறந்தபடியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனான்.

காலையில் குப்பி மூடியிருந்தது. எண் பூஜ்ஜியம்.

“தூசி விழும்னு நான்தான் இறுக்கி மூடினேன்” என்றாள் ரோஸ்விதா.

அவன் திறந்து, காற்று புக விட்டு, மறுபடி மூடினான். மாலைவரை எண் இறங்கவே இல்லை.

“பாத்தியா, சரியாயிடுச்சு” என்றாள் ரோஸ்விதா.