ஒரு சிட்டிகை உப்பு

தணிகாசலம் அம்பத்தூரில் குரோம் முலாம் பூசும் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறான். அங்கே சேர்பவர்களின் உடலில் முதல் நாளே ஒருவகை பாக்டீரியாவைச் செலுத்திவிடுவார்கள். உடலுக்குள் சேரும் உலோகத்தை அது வியர்வை வழியாக வெளியே தள்ளிவிடும். ஒன்பது ஆண்டுகளாக அவனுடைய இரத்தத்தில் குரோமியம் இல்லை.

இந்த ஆண்டு அவனுடைய மகள் நிறைமதியைப் பள்ளியில் பரிசோதித்தார்கள். அவளுடைய சிறுநீரகங்களில் குரோமியம் இருந்தது.

"பொண்ணுக்குச் சோறு ஊட்றது யாரு?" என்று மருத்துவர் கேட்டார்.

"நான்தாம்மா. ஷிப்டு முடிஞ்சி வந்ததும் பெசஞ்சி ஊட்டுவேன். ஆறு வயசாச்சு, இன்னும் அவங்கம்மா கையால சாப்ட மாட்டா. கை கழுவிட்டுத்தான் ஊட்றேன்."

"கழுவின கையும் வேர்க்குமே. கிருமி வெளிய தள்றது எங்கயாவது போய்த்தானே ஆகணும்."

"வேலைய வுட்டுட்டா?"

"ரத்தத்துல இல்லன்னாலும் உங்க எலும்புல தங்கியிருக்கு. அது முழுசா வேர்வையில வெளியேறப் பதினோரு வருஷம் ஆகும்."

அவன் மனத்துக்குள் கூட்டிப் பார்த்தான். அப்போது அவளுக்குப் பதினேழு வயதாகியிருக்கும்.

மாலையில் அவனுடைய மனைவி வடிவு ரசம் சோற்றைப் பிசைந்து கொடுத்தாள். அவன் அதை ஸ்பூனால் ஊட்டினான். நிறைமதி ஒரு வாய் மென்றுவிட்டு நிறுத்தினாள்.

"சப்புன்னு இருக்குப்பா. நீ குடுக்குற சோறு மாதிரி இல்ல."

"அதே ரசந்தான்டி."

"அப்ப கையால குடு."

அவன் உப்பு டப்பாவைத் திறந்தான். உள்ளே நீட்டிய விரல்களை மடக்கிக்கொண்டு, டப்பாவை வடிவின் பக்கம் நகர்த்தினான்.

"நீயே போடு," என்றான்.